ஏ.எம்.எச். பரிசோதனை பிறந்த கதை

செஞ்சிப் பக்கம் கல்யாணமாகி ஆறு மாதம் கடந்தால் போதும், "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்பவர் நாத்தனாராக இருக்கலாம், எதிர்வீட்டுப் பெரியம்மாவாக இருக்கலாம். இரண்டு வருடம் ஓடிவிட்டால் கேள்வி நின்று யோசனை ஆரம்பமாகும். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசையில் வேண்டிக்கொள் என்பார் ஒருவர். திருவண்ணாமலையில் கைராசிக்கார டாக்டரம்மா இருக்கிறார் என்பார் இன்னொருவர். ஏதோ ஒரு நாளில் அந்தப் பெண்ணின் கைக்கு மருத்துவர் எழுதிய சீட்டு ஒன்று வந்து சேரும். ஸ்கேன், தைராய்டு, சர்க்கரை என்ற வரிசையில் மூன்று எழுத்துகள் இருக்கும்: ஏ.எம்.எச்.

சிறிய ஊர்ச் சோதனைக்கூடங்களில் இதற்கான இயந்திரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ரத்தத்தை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். ஓரிரு நாளில் தாளில் ஓர் எண் வருகிறது. 0.8 என்று வந்தால் "முட்டையெல்லாம் தீர்ந்துபோச்சாம்" என்று வீடே இடிந்து உட்காருகிறது. 3.5 என்று வந்தால் "ஒன்றும் அவசரமில்லை" என்று இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டு முடிவும் தவறு. ஏன் தவறு என்பதை இந்தச் சோதனை பிறந்த கதையே சொல்லிவிடும். பெண்ணின் முட்டையைப் பற்றி யாரும் யோசிக்காத இடத்தில், ஆண் எப்படி ஆணாகிறான் என்ற கேள்வியில் பிறந்த சோதனை இது.

கிடாரிக் கன்றின் புதிர்

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு சேதி தெரிந்திருக்கும். பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று காளையாகவும் மற்றது கிடாரியாகவும் இருந்தால், அந்தக் கிடாரி வளர்ந்த பிறகு பெரும்பாலும் சினை பிடிக்காது. ஐரோப்பிய விவசாயிகளும் இதைப் பல நூற்றாண்டுகளாகக் கவனித்திருந்தார்கள். காரணம்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

சிகாகோ பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் ஃபிராங்க் லில்லி 1916, 1917ஆம் ஆண்டுகளில் அதற்கு விடை சொன்னார். இறைச்சிக் கூடங்களிலிருந்து கிடைத்த சினை மாட்டுக் கருப்பைகளை அவர் ஆராய்ந்தார். இரட்டைக் கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது தெரிந்தது. காளைக் கன்றின் உடலில் சுரக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தோடு கலந்து வந்து, கிடாரியின் இனப்பெருக்க உறுப்புகளை வளரவிடாமல் செய்கிறது என்றார் லில்லி. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பது அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் கேள்வியாகவே நின்றது.

பாரிஸ் நகரத்து முயல்கள்

மனிதக் கருவானாலும் மாட்டுக் கருவானாலும் தொடக்க வாரங்களில் ஆண், பெண் வேறுபாடு வெளியே தெரியாது. ஒவ்வொரு கருவிலும் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்கும். ஒரு ஜோடி ஆணின் விந்துப் பாதையாக வளரக்கூடியது. மற்ற ஜோடி கருப்பையாகவும் கருக்குழாய்களாகவும் வளரக்கூடியது. இந்த இரண்டாவது ஜோடியை 1830இல் விவரித்தவர் யோஹானஸ் முல்லர் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர். அதனால் அதற்கு முல்லர் குழாய் என்று பெயர்.

இரண்டு ஜோடிகளில் எது தங்கும், எது அழியும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்ஃபிரட் ஜோஸ்ட் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். சினை முயலின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் குட்டியின் விரையையோ சினைப்பையையோ மட்டும் நீக்கிவிட்டு, மறுபடி தைத்து, குட்டியை வளரவிட்டார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள உறுப்பில் செய்த அறுவை அது. 1947இல் அவர் வெளியிட்ட முடிவு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. விரை நீக்கப்பட்ட குட்டிகள் அனைத்தும் கருப்பையோடும் கருக்குழாயோடும் பெண் உடல் கொண்டு வளர்ந்தன.

ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன்தான் எல்லாவற்றையும் செய்கிறது போலும் என்று எண்ணி, அதன் படிகத்தைக் குட்டிக்குள் வைத்துப் பார்த்தார் ஜோஸ்ட். ஆண் குழாய் தங்கியது. ஆனால் முல்லர் குழாய் அழியவில்லை. ஆகவே விரையிலிருந்து இன்னொரு பொருளும் சுரக்க வேண்டும், அதன் வேலை முல்லர் குழாயை அழிப்பது என்ற முடிவுக்கு அவர் வந்தார். கண்ணால் காணாத ஒரு ஹார்மோன் இருந்தே தீரவேண்டும் என்று தர்க்கத்தால் நிறுவிய அந்த இடத்தில்தான் ஆன்டி முல்லேரியன் ஹார்மோன், சுருக்கமாக ஏ.எம்.எச்., முதல் மூச்சு விட்டது.

ஜோஸ்டின் மாணவியான நத்தாலி ஜோசோ, பாரிஸில் குழந்தை மருத்துவத் துறையில் இருந்தபடி அந்தப் பொருளைத் தேடினார். விரையில் உள்ள செர்டோலி செல்கள்தான் அதைச் சுரக்கின்றன என்று 1970களில் அவருடைய குழு காட்டியது. ஜான் ஈவ் பிக்கார்டும் அவரும் கன்றுக்குட்டிகளின் விரையிலிருந்து அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குழந்தைகள் அறுவை மருத்துவரான பெட்ரீசியா டொனஹோவும் அதே பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். 1986இல் ரிச்சர்ட் கேட் தலைமையிலான குழுவும் டொனஹோவும் சேர்ந்து அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். லில்லி பார்த்த கிடாரியை மலடாக்கியதில் இந்தச் சுரப்புக்குப் பங்கு உண்டு என்பதும் தெளிவாயிற்று. ஆண் கதை அத்தோடு முடிந்தது.

பெண்ணிடமும் இருந்தது

1980களில் ஜோசோவின் குழு பசுவின் சினைப்பையில் அதே ஹார்மோனைக் கண்டது. யாரும் எதிர்பார்க்காத இடம் அது. சினைப்பையில் முட்டையைச் சுற்றியிருக்கும் கிரானுலோசா செல்கள் அதைச் சுரந்துகொண்டிருந்தன. பெண் கருவில் அது சுரந்திருந்தால் கருப்பையே உருவாகியிருக்காது. கருப்பை உருவாகி முடிந்து நெடுநாள் கழித்தே பெண் உடல் இதைச் சுரக்கத் தொடங்குகிறது. அப்படியானால் பெண்ணுக்கு இது எதற்கு?

இதைப் புரிந்துகொள்ளச் சினைப்பைக்குள் போகவேண்டும். பெண் குழந்தை தாய் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் இருக்கும்போது அதன் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டை செல்கள் இருக்கின்றன. அதுதான் உச்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். 37, 38 வயதில் சுமார் 25,000. மாதவிடாய் நிற்கும் காலத்தில் மிஞ்சுவது ஆயிரத்தை ஒட்டி இருக்கும். மேலைநாடுகளில் சராசரியாக 51 வயதில் வரும் அந்தக் கட்டம் இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. வாழ்நாளில் வெளிவரும் முட்டைகள் சுமார் 400, 500 மட்டுமே. மற்றவை யாவும் சினைப்பைக்குள்ளேயே கரைந்துபோகின்றன. கர்ப்பமாக இருந்தாலும், மாத்திரை சாப்பிட்டு மாதவிடாயைத் தள்ளிப்போட்டாலும் இந்தக் கரைதல் நிற்பதில்லை.

இன்னொன்றையும் இங்கே நினைத்துப்பார்க்க வேண்டும். நாம் பிறந்த முட்டை நம் தாய் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது. ஒவ்வொருவரின் பாதித் தொடக்கமும் அம்மாச்சியின் வயிற்றில் நிகழ்ந்திருக்கிறது.

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. 1690இல் தொடங்கி எட்டாண்டு முகலாயர் முற்றுகையைக் கண்ட கோட்டை அது. முற்றுகைக்குள் அகப்பட்ட கோட்டையில் களஞ்சியத்தில் இருப்பதுதான் கணக்கு. வெளியிலிருந்து புது நெல் வராது. சினைப்பையும் அப்படி ஒருமுறை மட்டும் நிரப்பிய களஞ்சியம். 2004இல் அமெரிக்காவின் ஜானதன் டில்லி, எலிகளின் சினைப்பையில் பிறந்த பிறகும் புது முட்டைகள் உருவாகலாம் என்று சொல்லிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். பெண்களிடம் அப்படி நடப்பதாக இன்றுவரை நிறுவப்படவில்லை.

களஞ்சியத்தில் உறங்கும் முட்டைகளில் ஒரு சிறு கூட்டம் நாள்தோறும் விழித்து வளரத் தொடங்குகிறது. ஒவ்வொரு முட்டையும் அதைச் சுற்றிய செல்களுமாகச் சேர்ந்த சிறு பையை மருத்துவர்கள் ஃபாலிக்கிள் என்பார்கள். வளரத் தொடங்கிய சின்ன ஃபாலிக்கிள்களின் கிரானுலோசா செல்களே ஏ.எம்.எச். சுரக்கின்றன. உறங்குபவை சுரப்பதில்லை, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பெரிதானவையும் ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர ஆய்வாளர்கள் 1999இல் ஏ.எம்.எச். இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றின் முட்டைகள் வழக்கத்தைவிட வேகமாக விழித்துச் சீக்கிரமே தீர்ந்தன. அத்தனை முட்டைகளும் ஒரே நேரத்தில் விழித்துவிடாமல் பிடித்து வைப்பதே இந்த ஹார்மோனின் பெண் உடல் வேலை.

முட்டையை எண்ணும் தேவை

அதுவரை இது ஆய்வுக்கூடச் செய்தி. மருத்துவமனைக்கு இதை இழுத்து வந்தது ஐ.வி.எஃப். எனப்படும் சோதனைக்குழாய்க் குழந்தை முறை. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தார். அந்தக் கருவுக்கு இயற்கையாக அந்த மாதம் முதிர்ந்த ஒற்றை முட்டையைத்தான் எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா என்ற குழந்தை பிறந்தது. முகர்ஜி வேறு வழியில் போனார். ஹார்மோன் ஊசி போட்டு, ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரவைத்தார். உருவான கருவை உறையவைத்துப் பிறகு கருப்பையில் வைத்தார். பின்னாளில் உலகம் முழுவதும் வழக்கமான முறைகள் இவை. அன்றைய மேற்கு வங்க அரசின் விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மும்பை இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த டி.சி. ஆனந்தகுமார் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை அவருடைய சாதனையே என்று 1997இல் வெளிப்படையாக எழுதினார். ஆனந்தகுமாரின் நிறுவனமே 1986இல் மும்பையில் அந்தப் பெருமையைப் பெற்றிருந்தது. அந்தப் பெருமையைத் தானே முன்வந்து இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்த நேர்மை அது.

ஊசி போட்டுப் பல முட்டைகளை எடுக்கும் முறை வந்ததும் மருத்துவர்களுக்குப் புதிய கேள்வி பிறந்தது. இந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும்? சிலருக்கு இரண்டுகூடக் கிடைக்கவில்லை. சிலருக்கு முப்பது முட்டை வளர்ந்து, வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தானது. முதலில் மாதவிடாயின் இரண்டாம், மூன்றாம் நாளில் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அளந்தார்கள். அது களஞ்சியம் ஏறக்குறைய காலியான பிறகே கூடும். மாதத்துக்கு மாதம் மாறும். ஸ்கேனில் சின்ன ஃபாலிக்கிள்களை எண்ணுவது மேலான வழி. ஆனால் நல்ல கருவியும் பழகிய கண்ணும் வேண்டும்.

2002இல் கதை திரும்பியது. ராட்டர்டாம் குழு, மாதவிடாய் ஒழுங்காக வரும் இளம் பெண்களைச் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை சோதித்தது. எஃப்.எஸ்.எச். மாறவில்லை. ஏ.எம்.எச். மட்டும் குறைந்திருந்தது. அதே ஆண்டில் யூட்ரெக்ட் நகரத்து ஆய்வாளர்களும் அமெரிக்காவின் டேவிட் சைஃபர் குழுவும், சிகிச்சையில் கிடைக்கும் முட்டைகளின் எண்ணிக்கையை ஏ.எம்.எச். முன்கூட்டியே சொல்கிறது என்று காட்டினார்கள். ஆண் கருவில் தேடிக் கண்ட ஹார்மோன், பெண்ணின் முட்டையிருப்பைச் சொல்லும் ரத்தச் சோதனையாக அந்த ஆண்டில் பிறந்தது.

அது வேகமாகப் பரவியதற்குக் காரணம் இருக்கிறது. மாதவிடாயின் எந்த நாளிலும் ரத்தம் கொடுக்கலாம். வெறும் வயிறு வேண்டாம். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்து ஏறி வரும் பெண், நாள் கணக்குப் பார்த்துத் திரும்பத் திரும்ப அலைய வேண்டியதில்லை. 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது இப்படியொரு சோதனை கிடையாது. இன்று தமிழ்நாட்டின் சிறு நகரங்களில்கூடக் கருத்தரிப்பு மையப் பலகை தொங்குகிறது; முதல் சீட்டிலேயே ஏ.எம்.எச். எழுதுகிறார்கள்.

எண் சொல்லாத சேதி

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. களஞ்சியத்தில் எவ்வளவு நெல் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அந்த நெல்லை விதைத்தால் எத்தனை முளைக்கும் என்பது வேறு கணக்கு. ஏ.எம்.எச். சொல்வது முதல் கணக்கை. முளைப்புத்திறன் என்று விவசாயி சொல்வது எதுவோ, அதை அளக்கும் ரத்தச் சோதனை முட்டைக்கு இன்றுவரை வரவில்லை. அதை ஓரளவு சொல்வது பெண்ணின் வயது ஒன்றே.

வயது முட்டையை எப்படித் தொடுகிறது? முட்டை செல் தன் குரோமோசோம்களை இணை சேர்த்துப் பிரிக்கும் வேலையைப் பெண் சிசு வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறது. அந்த வேலை மீண்டும் தொடங்குவது அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான். 20 வயதில் வெளிவரும் முட்டை 20 ஆண்டு காத்திருந்தது. 40 வயதில் வெளிவருவது 40 ஆண்டு காத்திருந்தது. அவ்வளவு காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பவை கோஹீசின் என்ற புரதங்கள். முட்டை உறங்கும் காலத்தில் அவை புதுப்பிக்கப்படுவதில்லை என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆண்டுகள் ஏற ஏறப் பிடி தளர்கிறது. பிரியும் நேரத்தில் ஒரு குரோமோசோம் தவறான பக்கம் போய்விடுகிறது. அப்படி உருவான கரு பெரும்பாலும் பதியாது, அல்லது சில வாரங்களில் கலைந்துவிடும். 40 கடந்த பெண்களின் கருக்களில் பாதிக்கு மேல் இப்படிக் குரோமோசோம் கணக்குத் தவறியவை. அந்த வயதில் கருத்தரிப்பு குறைவதற்கும் கருச்சிதைவு கூடுவதற்கும் இதுவே முதற்காரணம்.

இதை முதலில் எண்களால் காட்டியவர் லயனல் பென்ரோஸ். இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரில் பணியாற்றிய அவர், டவுன் சின்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளுக்குத் தாயின் வயதே முக்கியமான காரணி, தந்தையின் வயது அல்ல என்று 1933இல் காட்டினார். அந்தக் குழந்தைகளுக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது 1959இல் பாரிஸில் தெரியவந்தது. தாய்க்கு 25 வயதானால் சுமார் 1,250 பிறப்புகளில் ஒன்று, 35 வயதில் சுமார் 350க்கு ஒன்று, 40 வயதில் சுமார் 100க்கு ஒன்று என்று அந்த வாய்ப்பு உயர்கிறது.

குரோமோசோம் மட்டும் கதை இல்லை. முட்டை செல்லுக்குள் லட்சத்துக்கு மேற்பட்ட மைட்டோகாண்ட்ரியாக்கள் உள்ளன. கருவின் முதல் சில நாட்களுக்கு வேண்டிய ஆற்றலைத் தருபவை அவையே. தந்தையின் மைட்டோகாண்ட்ரியா கருவில் தங்குவதில்லை, எல்லாம் தாயுடையவை. வயதாக ஆக அவற்றின் திறன் குறைகிறது. குரோமோசோம்களைச் சரியாக இழுத்துப் பிரிக்கவும் அந்த ஆற்றல்தான் வேண்டும் என்பதால் ஒரு குறை மற்றொன்றைப் பெரிதாக்குகிறது. முட்டைக்கு உணவு ஊட்டும் கிரானுலோசா செல்களும் முதுமை அடைகின்றன. முட்டையோடு அவற்றுக்குள்ள நுண்ணிய இணைப்புகள் குறைகின்றன. சினைப்பையின் திசு நார்த்தன்மை ஏறி விறைக்கிறது.

முதுமை அடைவது முட்டைதான், கருப்பை பெரிதாக அல்ல என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் மார்க் சாவர் 1990இல், 40 வயது கடந்த பெண்களின் கருப்பையில் இளம் பெண்கள் தானமாகத் தந்த முட்டையிலிருந்து உருவான கருக்களை வைத்துப் பார்த்தார். அவை நன்றாகவே பதிந்து வளர்ந்தன. வெற்றி முட்டையின் வயதைப் பின்பற்றியது.

ஆகவே 28 வயதில் ஏ.எம்.எச். 0.8 உள்ள பெண்ணுக்கு முட்டை எண்ணிக்கை குறைவு. ஆனால் மாதம் வெளிவரும் முட்டை 28 வயது முட்டை. 41 வயதில் 3.5 உள்ள பெண்ணுக்கு முட்டை நிறைய. ஆனால் அவை 41 வயது முட்டைகள். இயற்கையாகக் கருத்தரிக்க மாதத்துக்கு ஒரு முட்டை போதும். ஆன் ஸ்டைனர் தலைமையில் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு இதை உறுதி செய்தது. கருத்தரிப்புக் குறையின் வரலாறு இல்லாத, 30 முதல் 44 வயதுக்குட்பட்ட 750 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதச் சுழற்சிக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏ.எம்.எச். குறைந்தவர்களுக்கு 65 சதவீதம், இயல்பாக உள்ளவர்களுக்கு 62 சதவீதம். வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். பிரச்சினை ஏதும் இல்லாத பெண்ணுக்கு எதிர்காலத்தைச் சொல்லும் சோதிடமாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2019இல் அறிவுறுத்தியது.

எண்ணை வேறு காரணங்களும் மாற்றும். கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது குறைத்துக் காட்டும். சினைப்பையில் சாக்லேட் கட்டிக்கு அறுவை செய்திருந்தால் உண்மையிலேயே குறையும். நீர்க்கட்டி என்று நம்மூரில் சொல்லும் பிசிஓடி இருந்தால் மிக உயர்ந்து நிற்கும். அதைப் பார்த்து மகிழ ஒன்றும் இல்லை. இரண்டு கூடங்கள் வெவ்வேறு கருவிகளில் அளந்தால் ஒரே ரத்தத்துக்கு இரண்டு எண் வரலாம்.

எண் சந்தைக்கு வந்தபோது

முட்டையின் வயதே முக்கியம் என்று தெரிந்ததும் இளம் முட்டைக்கு விலை வந்தது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகளைத் தாயே பலமுறை விற்கவைத்த கொடுமை வெளியே தெரிந்து தமிழ்நாடே பதறியது. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், நாடாளுமன்றம் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை மட்டுமே தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது உச்சவரம்பு. 2019இல் ஆந்திரத்தின் குண்டூரில் 70 வயது கடந்த ஒரு மூதாட்டி தான முட்டையின் உதவியால் இரட்டைக் குழந்தை பெற்ற செய்தியைப் படித்தவர்களுக்கு இந்த வரம்பின் தேவை விளங்கும்.

இன்னொரு சந்தை பயத்தில் நடக்கிறது. ஏ.எம்.எச். குறைவு என்ற ஒரே எண்ணை நீட்டி, 27 வயதுப் பெண்ணிடம் "உடனே ஐ.வி.எஃப். செய்யாவிட்டால் அவ்வளவுதான்" என்று சொல்வது நியாயமில்லை. நிலத்தை அடகு வைத்து, தாலிச் சங்கிலியை விற்று அந்தப் பணத்தைக் கட்டும் குடும்பங்கள் நம் கிராமங்களில் இருக்கின்றன. சினைப்பையை மீண்டும் இளமையாக்கும் என்று விற்கப்படும் ஊசிகளுக்கும் பொடிகளுக்கும் உறுதியான சான்று இல்லை. கரைந்த முட்டையைத் திருப்பித் தரும் மருந்து உலகில் எங்கும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சோதனை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஐ.வி.எஃப். தேவைப்படும் பெண்ணுக்கு எவ்வளவு ஊசி போடுவது என்று முடிவு செய்ய இது அருமையான கருவி. ஊசி மிகுந்து உயிருக்கு ஆபத்து வராமல் காக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் இளம்பெண்ணின் முட்டையிருப்பு எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று அறிய உதவுகிறது. அப்படிப்பட்ட பெண்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே முட்டையை உறையவைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். தாய்க்கோ அக்காவுக்கோ 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது

பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம். 35 கடந்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. 40 ஆகிவிட்டால் முதல் நாளே போவது நல்லது. மாதவிடாய் ஒழுங்கற்றுப் போனால் எந்த வயதிலும் காத்திருக்க வேண்டாம். செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ காலையில் கிளம்பினால் அன்றே திரும்பிவிடலாம். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசே செயற்கைக் கருத்தரிப்பு மையத்தைத் தொடங்கியிருக்கிறது. கடன் வாங்கும் முன் இந்த வாசல்களைத் தட்டிப் பாருங்கள். புகைப்பவர் வீட்டில் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். புகை, முட்டையிருப்பைக் கரைத்து மாதவிடாய் நிற்பதை ஓரிரு ஆண்டு முன்னே கொண்டுவரும்.

படிப்புக்காகவும் வேலைக்காகவும் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் பெண்களைத் திட்டுவதற்கு இந்த அறிவியலைக் கையில் எடுக்காதீர்கள். வயதின் கணக்கை அவர்களிடம் மறைக்கவும் வேண்டாம். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கும் பையனுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இது. தெரிந்து எடுத்த முடிவு எதுவானாலும் அது அவள் முடிவு.

மாமியார்களுக்கும் கணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னபடி உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் கருத்தரிப்புச் சிக்கலைச் சந்திக்கிறார். அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. இருந்தும் நம் வீடுகளில் ரத்தம் கொடுக்கப் போவது பெண் மட்டும். ஏ.எம்.எச். தாளில் வந்த எண்ணைப் பார்த்து ஒரு பெண்ணை மலடி என்று சொல்வதற்கு உலகத்தில் எந்த மருத்துவ நூலிலும் இடமில்லை. அடுத்த முறை அவள் சோதனைக்கூடத்துக்குக் கிளம்பும்போது கணவரும் கூடப் போகட்டும். விந்துப் பரிசோதனைக்கு ஏ.எம்.எச். சோதனையைவிடப் பல மடங்கு குறைந்த செலவுதான் ஆகும். முதலில் எடுக்க வேண்டிய சோதனைகளில் அதுவும் ஒன்று.